இரு தோழியரும் ஒரு பரீட்சையும்

இத்தாலி தேசத்தின் தென்பாகத்திலே நேப்பிள்ஸ் என்றொரு துறைமுகப் பட்டினம் உண்டு. வெசூவியஸ் எரிமலையின் அருகே, நீலக் கடலைப் பார்த்தபடி கிடக்கும் அந்நகரின் எழிலைப் புகழாத யாத்திரிகர் இல்லை. ஆயினும் அந்நகரின் கீழ்ப்புறத்தே, புகையிரதப் பாதைகளுக்கு அப்பால், கடல் இருக்கும் திசையைக்கூட அறியாது பிள்ளைகள் வளர்ந்த குடியிருப்புக்களும் இருந்தன. இரண்டாவது உலக யுத்தம் முடிந்து பத்தாண்டுகள் கழியுமுன்னர், அத்தகைய ஒரு குடியிருப்பில் ஒரே வகுப்பிற் படித்த இரு சிறுமியரின் கதையை இத்தாலியர் ஒரு பெரிய தொலைக்காட்சி நாடகமாக ஆக்கியிருக்கின்றனர். அதனைப் பற்றியே இவ்வாரம் வாசகர்களோடு சிறிது பேச விரும்புகின்றோம்.

'லாமிக்கா ஜெனியாலே' என்பது நாடகத்தின் பெயர். மேதைத் தோழி என்று அதனைத் தமிழிற் சொல்லலாம். 2011ஆம் ஆண்டில் வெளிவந்த அதே பெயருடைய நாவலையும், அதன் தொடர்ச்சியாக 2014 வரை வெளிவந்த மூன்று நாவல்களையும் தழுவியது. இத்தாலிய அரச ஒலிபரப்புத் தாபனமான ராய் என்பதும், அமெரிக்க நிறுவனமாகிய எச்.பி.ஓ. என்பதும் கூடித் தயாரித்த இந்நாடகத்தின் முதல் இரண்டு அங்கங்கள் 2018ஆம் ஆண்டு வெனிஸ் திரைப்பட விழாவிலே காட்டப்பட்டன. அவ்வாண்டின் இறுதியில் அது வீடுகளுக்கு வந்தது. பின்னர் 2020, 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் ஏனைய மூன்று தொகுதிகளும் வந்து, முப்பத்துநான்கு அங்கங்களில் கதை முற்றுப்பெற்றது. முதற் தொகுதி முழுவதையும் நெறிப்படுத்தியவர் சவேரியோ கொஸ்தான்சோ.

நாவலாசிரியரின் பெயர் எலெனா பெரான்தே. ஆனால் அப்படி ஒருவர் இல்லை, அது புனைபெயர். 1992ஆம் ஆண்டில் தம் முதல் நாவலை வெளியிட்ட காலந்தொட்டு இவ்வெழுத்தாளர் தமது முகத்தை எவருக்கும் காட்டியதில்லை. புத்தகம் எழுதி முடிந்தபின் அதற்கு எழுதியவரின் துணை வேண்டியதில்லை என்பது அவரது கட்சி. 2016ஆம் ஆண்டில் இத்தாலியப் பத்திரிகையாளர் ஒருவர் வீடு, நிலம், பணக்கொடுப்பனவு முதலிய பதிவுகளைத் துருவி, 'இன்னார்தாம் அவர்' என்று எழுதினார். வாசகர்களிற் பெரும்பாலோர் அவரைப் பாராட்டவில்லை. ஒளிந்திருக்க விரும்பும் ஒருவரை இழுத்து வெளியே விடுவானேன் என்று சினந்தனர். நாமும் அக்கட்சியினரே. ஆகவே அந்தப் பேச்சை இத்துடன் விடுவோம். முகம் காட்டாத இவ்வாசிரியர் திரைக்கதை எழுதுவதில் நெறியாளருடன் கடித மூலமாகவே பங்குபற்றினார் என்பது மட்டும் சுவையான செய்தி.

கதைக்கு வருவோம். சப்பாத்துத் திருத்தும் பெர்னாந்தோ செருல்லோவின் மகள் ரபாயெல்லா. அவளைத் தோழி அழைப்பது லீலா என்று. நகரசபைக் காரியாலயத்திலே பியோன் வேலை பார்ப்பவரின் மகள் எலெனா கிரேக்கோ. வீட்டாருக்கு அவள் லெனூ. இருவரும் 1944ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்திற் பிறந்தவர்கள். லெனூ பொன்னிறக் கூந்தலும் அடக்கமுமுடைய, ஆசிரியை சொன்னதைச் செய்யும் பிள்ளை. லீலாவோ மெலிந்து, அழுக்குப் படிந்து, எவருக்கும் அடங்காதவள். ஆனால் ஒருவரும் சொல்லிக்கொடாமலே எழுத்துக்கூட்டி வாசிக்கக் கற்றவள். ஒலிவியேரோ என்னும் ஆசிரியை இதனைக் கண்டுபிடிக்கும் காட்சி முதல் அங்கத்திலே வருகின்றது. வகுப்பிலே முதற் பிள்ளையாக இருந்த லெனூ அந்தக் கணத்தில் இரண்டாம் பிள்ளையாகிறாள். அவள் முகத்திலே பொறாமை தோன்றும் என்று நாம் எதிர்பார்க்கின்றோம். தோன்றுவது வேறொன்று: இனி இவளைப் பின்தொடர்வதே என் வேலை என்னும் தீர்மானம்.

அந்தக் குடியிருப்பில் தோன் அக்கில்லே என்றொருவர் இருந்தார். யுத்தகாலத்திலே கறுப்புச் சந்தையிற் பணம் திரட்டி, பின்னர் வட்டிக்குக் கொடுத்து, ஊராரை நடுங்க வைத்தவர். பிள்ளைகளுக்கு அவர் கதைகளில் வரும் அரக்கன். ஒருநாள் லீலா தோழியின் பொம்மையை நிலவறைக்குள்ளே எறிந்துவிடுகிறாள். லெனூவும் லீலாவின் பொம்மையை அவ்வாறே எறிகிறாள். தேடியும் இரண்டும் கிடைக்கவில்லை. பொம்மைகளை எடுத்தவர் தோன் அக்கில்லேதான் என்று முடிவு கட்டிய லீலா, அவர் வீட்டுக்கே படியேறிப் போய்க் கேட்பதென்று புறப்படுகிறாள். இருண்ட படிக்கட்டிலே ஏறும்போது, லீலா தன் கையை நீட்டித் தோழியின் கையைப் பற்றிக்கொள்கிறாள். பின்னால் வரும் அறுபது வருடக் கதைக்கு அந்தக் கைப்பற்றலே தொடக்கம் என்று லெனூ கருதுகிறாள்.

அரக்கர் அவர்களைத் தின்றுவிடவில்லை. ஏதும் விளங்காமல் விழித்து, பொம்மை வாங்கிக்கொள்ளுங்கள் என்று சிறிது பணத்தைக் கொடுத்தனுப்பினார். அவர்கள் பொம்மை வாங்கவில்லை; ஒரு புத்தகம் வாங்கினார்கள். லூயிசா மே ஆல்கொட் என்னும் அமெரிக்க அம்மையார் எழுதிய 'சிறிய மாதர்கள்' என்னும் நாவலின் இத்தாலியப் பிரதி அது. இருவரும் முற்றத்து வாங்கில் நெருங்கி அமர்ந்து, ஏடுகள் கழன்று விழும் வரைக்கும் அதனை வாசித்தார்கள். புத்தகம் எழுதினால் பணக்காரராகலாம் என்பது அவர்கள் கண்டுபிடித்த பொருளியல். (எழுத்தாளர்கள் சிரிப்பார்கள்!) இருவரும் சேர்ந்து ஒரு நாவல் எழுதுவதென்று நிச்சயித்தார்கள்.

இந்த இடத்திலேதான் பரீட்சை குறுக்கே வருகின்றது.

அக்கால இத்தாலியப் பள்ளி முறையைச் சற்றே அறிந்துகொண்டாலன்றி இந்நாடகத்தின் வேதனை நன்கு விளங்காது. ஆரம்பப் பாடசாலை ஐந்து வருடம். அதன்பின் பாதை இரண்டாகப் பிரிந்தது. ஒன்று, இலத்தீன் பாஷை போதிக்கும் மத்திய பாடசாலை. அனுமதிப் பரீட்சையிற் சித்தியடைந்தவர்க்கே அதன் கதவு திறந்தது. அங்கிருந்துதான் உயர்தரப் பள்ளிக்கும் சர்வகலாசாலைக்கும் வழி. மற்றது, கைத்தொழிலுக்கு ஆயத்தம் செய்யும் பாடசாலை. அதன் வழி பெரும்பாலும் பட்டறையில் முடிந்தது. பதினொரு வயதுப் பிள்ளையின் வாழ்வு எந்தப் பக்கம் போவது என்பது ஒரு மாதத்துக்குள் தீர்மானமாகியது. 1948ஆம் ஆண்டின் முதல் நாளிலிருந்து நடைமுறைக்கு வந்த இத்தாலியக் குடியரசின் அரசியலமைப்பு, குறைந்தது எட்டு வருடக் கல்வி கட்டாயமும் இலவசமும் ஆகும் என்று கூறியது. திறமையுடையோர் வறியராயினும் கல்வியின் உச்சம் வரை செல்ல உரிமையுடையவர் என்றும் கூறியது. வாசகம் மிக அழகியது. ஆனால் 1951ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி, ஆறு வயதுக்கு மேற்பட்ட இத்தாலியரில் நூற்றுக்கு ஏறத்தாழப் பதின்மூவர் எழுத வாசிக்க அறியாதவர். தென்பகுதியிலே அத்தொகை இன்னும் பெரிது. சட்டம் ஓரிடத்தில் இருந்தது; சப்பாத்துக் கடை வேறோரிடத்தில் இருந்தது.

ஆசிரியை ஒலிவியேரோ இரு வீட்டாரையும் அழைத்துச் சொல்கிறார்: பிள்ளைகள் மேலே படிக்க வேண்டும், பரீட்சைக்கு ஆயத்தம் செய்யத் தனிப்பாடம் வேண்டும், அதற்குப் பணம் வேண்டும். லெனூவின் வீட்டிலே தாய்க்கு விருப்பமில்லை. தகப்பன் தயங்குகிறார். இரவெல்லாம் வாக்குவாதம் நடக்கின்றது. ஈற்றிலே, வகுப்பில் எல்லோரினும் சிறந்தவளாக இருந்தால் மட்டும் என்ற நிபந்தனையோடு சம்மதிக்கின்றனர். லீலாவின் வீட்டிலே தகப்பன் மறுத்துவிடுகிறார். அவளுடைய தமையன் ரீனோ, தகப்பனின் கடையிலே சம்பளமின்றி உழைப்பவன், தங்கைக்காகப் பரிந்து பேசுகிறான். ஆண் பிள்ளையே படிக்காத வீட்டில் பெண் பிள்ளைக்குப் படிப்பெதற்கு என்பதே தகப்பனின் நியாயம். வாக்குவாதம் முற்றுகின்றது. கூச்சலிடும் மகளைத் தகப்பன் தூக்கி யன்னலுக்கு வெளியே எறிந்துவிடுகிறார். கீழே தெருவில் நிற்கும் லெனூவின் முன்னே அவள் வந்து விழுகிறாள், கை முறிந்துபோகிறது. தனக்கொன்றும் நேரவில்லை என்கிறாள்.

காட்சி கொடியதுதான். ஆனால் பெர்னாந்தோவை நாடகம் ஓர் அரக்கராகச் சித்திரிக்கவில்லை என்பதைக் கவனித்தல் வேண்டும். அவர் உழைப்பாளி, மகள்மீது பாசமும் உடையவர். கையிலே காசில்லை, காசில்லை என்று ஓர் ஆசிரியையின் முன்னே சொல்ல வேண்டிவந்த வெட்கம் இருக்கின்றது, ஊர்வழக்கம் அவர் பக்கம் நிற்கின்றது. லெனூவின் தகப்பன் அவரிலும் பெரிய பணக்காரரும் அல்லர், பெரிய ஞானியும் அல்லர். நகரசபையிலே கதவு திறக்கும் வேலையில், படித்தவர்கள் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்பதை அவர் அன்றாடம் கண்டிருப்பார் போலும். இரு வீடுகளுக்கும் இடையே இருந்த வித்தியாசம் அவ்வளவே. அந்தச் சிறு வித்தியாசத்திலிருந்து இரு வாழ்வுகள் எவ்வளவு தூரம் விலகிப் போகின்றன என்பதே நான்கு தொகுதிகளிலும் விரியும் கதை.

லீலா என்ன செய்கிறாள்? அழுதுகொண்டிருக்கவில்லை. ஒருநாள் தோழியை அழைத்துக்கொண்டு, பள்ளிக்குப் போகாமல், கடலைப் பார்க்கப் புறப்படுகிறாள். குடியிருப்பின் எல்லையிலுள்ள சுரங்க வழியைக் கடந்ததும், லெனூவுக்குப் பெரும் ஆனந்தம். லீலாதான் தயங்கித் தயங்கித் திரும்பிப் பார்க்கிறாள். மழை பிடித்துக்கொள்ளவே, திரும்பிவிடலாம் என்கிறாள். எப்போதும் முன்னே செல்பவள் அன்று ஏன் பின்வாங்கினாள்? வீட்டிலே அடி வாங்கிய பிறகுதான் லெனூவுக்கு ஒரு சந்தேகம் பிறக்கின்றது: தண்டனையாகத் தன்னையும் பெற்றோர் படிப்பிலிருந்து நிறுத்திவிடுவார்கள் என்று லீலா நினைத்தாளோ? அல்லது நினைத்துவிட்டு, பாதி வழியிலே மனம் கேளாமல் திரும்பினாளோ? நாடகம் இதற்கு விடை சொல்வதில்லை. நட்பிலே இப்படிப்பட்ட மூலைகளும் உண்டென்பதை ஒளிக்காமற் காட்டுவதற்காகவே இதனை மாணவர்கள் பார்க்க வேண்டும் என்போம்.

மத்திய பாடசாலையின் கதவு அடைபட்ட பின்னரும் லீலா படித்துக்கொண்டே இருந்தாள். கடையிலே தகப்பனுக்கு உதவி செய்த நேரம் போக, பள்ளி நூலகத்திலிருந்து புத்தகங்களை இரவல் வாங்கினாள். ஒருவருக்கு இத்தனை புத்தகம் என்று கணக்கு இருந்தமையால், தன் பெயரிலும், தாய் தகப்பன் பெயரிலும், தமையன் பெயரிலும் சீட்டுப் பெற்றுக்கொண்டாள். ஆண்டு முடிவிலே, அதிகம் வாசித்தவர்களுக்குப் பரிசளிப்பு விழா நடந்தது. முதலாம் பரிசு ரபாயெல்லா செருல்லோ. இரண்டாம் பரிசு பெர்னாந்தோ செருல்லோ. மூன்றாம் பரிசு நூன்சியா செருல்லோ. நான்காம் பரிசு ரீனோ செருல்லோ. ஐந்தாவதாகவே எலெனா கிரேக்கோ! ஒரு புத்தகத்தையும் புரட்டிப் பாராத சப்பாத்துக்காரர் குடும்பம் ஊரிலேயே பெரிய வாசகர் குடும்பமாகப் பாராட்டப்பட்டது. லீலாவோ விழாவுக்கு வரவேயில்லை. இப்பகுதியைப் பார்க்கையில் நாம் வாய்விட்டுச் சிரித்தோம். சிரிப்பு அடங்கியபின் நெஞ்சு சற்றுக் கனத்ததும் உண்மை.

பள்ளிக்குப் போகும் லெனூவுக்கு இலத்தீன் வரவில்லை. பள்ளிக்குப் போகாத லீலா அதனைத் தானே கற்று, தோழிக்கு வழி சொல்லிக்கொடுக்கிறாள்: வாக்கியத்தைக் கண்டதும் முதலில் வினைச்சொல்லைத் தேடு, அந்த வினைக்கு உரிய எழுவாயைக் கண்டுபிடி, மற்றவை தாமே வந்து இடத்தில் அமரும். இலக்கணம் படிக்கும் மாணவர்களுக்கு இதிலே உபயோகமும் உண்டு! லெனூ சித்தியடைகிறாள். அவளுடைய சித்திகள் யாவற்றிலும் இவ்வாறு லீலாவின் பங்கொன்று கலந்திருக்கின்றது. அதனை மறக்கவும் முடியாமல், திருப்பிக் கொடுக்கவும் முடியாமல் அவள் வளர்கிறாள். லீலாவின் மூளை பின்பு சப்பாத்து உருவங்களை வரைவதில் இறங்குகின்றது. அச்சப்பாத்துக்கள் அவளைக் காப்பாற்றவில்லை. அவற்றின் பொருட்டே பணமுள்ளவர் கண்கள் அந்தக் கடையின்மேல் விழுகின்றன. பதினாறு வயதிலே பலசரக்குக் கடைக்காரனாகிய ஸ்தேபனோவுக்கு அவள் மனைவியாகிறாள். அவன் வேறு யாருமல்லன். தோன் அக்கில்லேயின் மகன்.

வரலாற்றையும் ஒரு கணம் திரும்பிப் பார்ப்போம். அனுமதிப் பரீட்சையையும் பதினொரு வயதிற் பிரியும் பாதையையும் ஒழித்து, எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே மத்திய பாடசாலை என்று விதித்த சட்டம் 1962ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆந் தேதி நிறைவேறியது; 1963ஆம் ஆண்டு அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. கதையின் கணக்குப்படி அப்போது லீலாவுக்குப் பத்தொன்பது வயது. ஏழெட்டு வருடம் பிந்திவிட்டது.

பாஷையைப் பற்றியும் சொல்லவேண்டும். இந்நாடகத்திலே பாத்திரங்கள் பெரும்பாலும் பேசுவது பள்ளியிற் படிப்பிக்கும் இத்தாலிய மொழியை அன்று. நேப்பிள்ஸ் நகரத்துப் பேச்சுமொழியை. இத்தாலியருக்கே அது விளங்காது. ஆதலால் இத்தாலியிலும் திரையின் அடியிலே எழுத்துக்களை ஓடவிட்டே இதனைக் காட்டினர். ராய் தாபனம் தன் தொலைக்காட்சிச் சேவையை 1954ஆம் ஆண்டு ஜனவரி 3ஆந் தேதி ஆரம்பித்தது. பிராந்தியப் பேச்சுக்களையே பேசிவந்த மக்களிடையே பொது இத்தாலிய மொழியைப் பரப்பியதில் அதற்குப் பெரும் பங்குண்டு என்பர் மொழியறிஞர். 1960 முதல் 1968 வரை அல்பேர்த்தோ மான்சி என்னும் ஆசிரியர், கரும்பலகையின் முன்னே நின்று, எழுத்தறியாத முதியவர்களுக்கு அத்தொலைக்காட்சி மூலமே பாடம் நடத்தினார். அந்தத் தாபனமே இன்று, ஒலிவியேரோ போன்ற ஆசிரியைகள் வகுப்பிலிருந்து விரட்டிய பேச்சுமொழியை வீட்டுக்குள்ளே கொண்டுவந்து வைத்திருக்கின்றது. நாடகத்திலே லெனூ எப்பொழுது பேச்சுமொழியை விட்டுப் பள்ளி மொழிக்கு மாறுகிறாள் என்று காதைத் தீட்டிக் கேட்பவர்க்கு, அவள் மனத்திலே நடப்பது பாதி விளங்கிவிடும். தாயோடு அவள் நல்ல இத்தாலியத்திற் பேசத் தொடங்குவதே ஒரு பிரிவுதான்.

நடிப்பிலே முதலிடம் சிறுமியருக்கே. ஆயிரக்கணக்கான பிள்ளைகளைப் பார்த்து, நடித்துப் பழக்கமில்லாதவர்களாகவே தெரிந்தெடுத்தனர். சிறு வயது லீலாவாக வரும் லுதோவிக்கா நாஸ்தியின் கண்களைக் கண்டவர் எளிதில் மறக்கமாட்டார். லெனூவாக வரும் எலிசா தெல் ஜெனியோ பேசாமலே கேட்கும் பிள்ளை. கேட்பதும் ஒரு நடிப்பு என்பதை அவளிடம் காணலாம். வளர்ந்த பருவத்திலே கயா ஜிராச்சேயும் மார்கெரித்தா மத்சூக்கோவும் வருகின்றனர். காசெர்த்தா நகருக்கு அருகே புதிதாகக் கட்டியெழுப்பிய குடியிருப்பு, சாம்பல் நிறமாய், நாடக மேடையின் திரைச்சீலை போலத் தோன்றுகின்றது என்று சிலர் குறை கூறினர். வயது முதிர்ந்த பெண்ணொருத்தி நினைவிலிருந்து சொல்லும் கதையாதலால், ஊரும் நினைவிலுள்ள ஊர் போலவே இருப்பது எமக்குப் பொருத்தமாகவே பட்டது. ஆனால் மூன்றாந் தொகுதியிலே இருபது வயதும் நிரம்பாத அதே நடிகையர் பிள்ளைகள் பெற்ற தாய்மாராக வருவதை மனம் ஏற்க மறுக்கின்றது. நான்காவதில் அல்பா ரோர்வாக்கரும் இரேனே மயொரீனோவும் அவர்களின் இடத்தைப் பெறுகின்றனர். அம்மாற்றம் சற்று முன்பே நிகழ்ந்திருக்கலாம்.

நாவலை வாசித்தவர்களுக்கு நாடகத்திலே ஒரு நட்டமும் உண்டு. நாவலிலே லீலாவை நாம் நேரே காண்பதில்லை. லெனூ சொல்லித்தான் அறிகின்றோம். உண்மையிலே அவள் அவ்வளவு பெரிய மேதையா, அல்லது தோழியின் அன்பும் அச்சமும் அவளை அவ்வாறு பெருப்பித்தனவா என்ற ஐயம் கடைசி ஏடு வரைக்கும் இருக்கும். திரையிலோ லீலா தன் சொந்த முகத்தோடு நமக்கு முன்னே வந்து நின்றுவிடுகிறாள். ஐயத்துக்கு இடம் குறைந்துபோகின்றது. அதற்கு ஈடாக, லெனூ கவனியாத வேளைகளில் லீலாவின் முகத்திலே வந்து மறையும் ஏக்கத்தை நாம் பார்த்துவிடுகின்றோம்.

இரண்டாந் தொகுதியின் முடிவுக்கு அண்மையில் வரும் ஒரு செய்தியோடு கதைப்பகுதியை நிறுத்துவோம். இருவரும் சேர்ந்து எழுதுவதாகச் சொன்ன நாவலை, லெனூ பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த நாட்களில், லீலா தனியே எழுதினாள். 'நீலத் தேவதை' என்பது அதன் பெயர். கொப்பித்தாள்களில் எழுதிய சிறிய கதை. அது ஆசிரியை ஒலிவியேரோவிடம் கொடுக்கப்பட்டது. படிப்பை நிறுத்திய பிள்ளையின்மேற் கொண்ட மனக்கசப்பினாற்போலும், அவர் அதனைப் பற்றி ஒரு வார்த்தையும் சொன்னதில்லை. ஆண்டுகள் கழிந்து, அவர் இறந்தபின், பழைய அப்பியாசக் கொப்பிகளுடன் அது லெனூவின் கைக்கு வருகின்றது. ஓரங்களிலெல்லாம் ஆசிரியையின் கையெழுத்தில் பாராட்டுக் குறிப்புக்கள்! பீசா நகரிலே உயர்கல்வி முடித்து, தன் முதல் நாவலையும் எழுதிவிட்ட லெனூ அதனை வாசித்ததும் திடுக்கிடுகிறாள். தன் நாவலின் உயிர்நாடி அந்தச் சிறு பிள்ளையின் கதையிலிருந்து வந்ததென்பது அவளுக்குத் தெரிந்துவிடுகின்றது. அதனை எடுத்துக்கொண்டு, கணவனை விட்டு நீங்கி இறைச்சிப் பதனிடும் தொழிற்சாலையிலே கூலிவேலை செய்யும் லீலாவைத் தேடிப் போகிறாள். தொழிற்சாலை முற்றத்தில் குளிருக்காக மூட்டிய நெருப்பு எரிந்துகொண்டிருக்கின்றது. பேசிவிட்டு லெனூ திரும்பிப் பார்க்கும்போது, லீலா அந்தத் தாள்களை நெருப்பிலே போடுகிறாள்.

குடும்பத்தோடு பார்க்க எண்ணும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. முதற் தொகுதியின் முதலிரண்டு அங்கங்கள் பிள்ளைகளைப் பற்றியனவாயினும், அவற்றிலும் அடிதடியும் கொலையும் உள. அதே தொகுதியின் பிற்பகுதியிலே, இஸ்கியா என்னும் தீவிலே, பெரியவர் ஒருவர் லெனூவிடம் தகாத முறையில் நடந்துகொள்ளும் காட்சியும் உண்டு. ஆதலால் சிறு பிள்ளைகளுக்கு இந்நாடகம் உகந்ததன்று. உயர்வகுப்பு மாணவியர் தாய்மாருடன் அமர்ந்து முதற் தொகுதியைப் பார்க்கலாம். பின்னுள்ள தொகுதிகளைப் பெற்றோர் தாம் முதலிற் பார்த்து முடிவு செய்தல் நலம். ஆங்கிலத்தில் வாசிக்கக்கூடியவர்களுக்கு, ஆன் கோல்ட்ஸ்டைன் அம்மையார் மொழிபெயர்த்த நான்கு நாவல்களும் உண்டு. நாடகத்துக்கு முன்னர் நாவலை வாசிப்பதே சிறந்ததென்பது எமது அபிப்பிராயம். அப்படிச் செய்பவர்கள் முதலாம் நாவலின் தொடக்கத்திலுள்ள பாத்திரங்களின் பெயர்ப்பட்டியலை ஒரு கடதாசியிலே எழுதி அருகில் வைத்துக்கொள்வது நல்லது. செருல்லோ, கிரேக்கோ, கராச்சி, சொலாரா என்று வரும் குடும்பங்கள் முதல் ஐம்பது பக்கங்களில் எவரையும் குழப்பிவிடும்.